7.5 மீட்டர் துணி, 0.4 மீட்டர் பை: மீதி எவ்வளவு?

பெருந்துறை_அப்பா
மகள் ஏழாம் வகுப்பு. தசம வகுத்தல் நடக்கிறது. வீட்டுப்பாடத்தில் வந்த கணக்கு இது: "7.5 மீட்டர் துணி இருக்கிறது. ஒரு பைக்கு 0.4 மீட்டர் வேண்டும். எத்தனை பைகள் தைக்கலாம்? மீதித் துணி எவ்வளவு?"

அவள் இரண்டு எண்ணிலும் புள்ளியை ஓர் இடம் தள்ளி 75 ÷ 4 என்று போட்டாள். ஈவு 18, மீதி 3. விடை: 18 பை, மீதி 3 மீட்டர். டீச்சர் 18-க்கு டிக் போட்டுவிட்டு, 3 மீட்டரைச் சுழித்துப் பக்கத்தில் 0.3 என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

மகள் கேட்கிறாள்: "புள்ளியைத் தள்ளச் சொன்னதே அவங்கதானே? தள்ளி வகுத்து வந்த ஈவை அப்படியே எடுத்துக்கலாமாம், மீதியை மட்டும் எடுக்கக் கூடாதாம். அது ஏன்?" எனக்குப் பதில் தெரியவில்லை. செல்போன் கால்குலேட்டரில் போட்டால் 18.75 வருகிறது. இப்போது வீட்டில் மூன்று மீதி இருக்கிறது: 3, 0.3, 0.75. எது சரி, ஏன் சரி என்று ஏழாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்
0.75 மீட்டர்தான் சார். புள்ளிக்குப் பின்னால் வருவதுதானே மீதி.

தையல்மிஷின்
முக்கால் மீட்டர் மீதி இருந்தால் அதில் இன்னொரு பை வெட்டமாட்டேனா? நாற்பது சென்டி போதுமே.

18 பைக்கு 7 மீட்டர் 20 சென்டி போய்விடும். ஏழரையில் மிச்சம் 30 சென்டி. இதற்குப் பேப்பரே வேண்டாம். பாப்பா சொன்ன மாதிரி 3 மீட்டர் மிச்சம் இருந்தால் இன்னும் ஏழு பை தைத்துவிட்டு, அப்புறமும் கையில் 20 சென்டி வைத்திருப்பேன்.

ராத்திரி_ஷிப்ட்
அப்படியென்றால் கால்குலேட்டர் காட்டுகிற .75 என்ன? அது பொய்யா?

சாக்பீஸ்
பொய் இல்லை. அந்த 0.75 மீட்டர் அல்ல, பை. பதினெட்டு முழுப் பையும் ஒரு முக்கால் பையும் என்று கால்குலேட்டர் சொல்கிறது. முக்கால் பைக்கு எவ்வளவு துணி? 0.75 × 0.4 = 0.3 மீட்டர். தையல்காரர் சொன்ன 30 சென்டிதான். ஆக 0.75-ம் 0.3-ம் ஒரே துண்டுத் துணி. ஒன்று பைக்கணக்கில், இன்னொன்று மீட்டர் கணக்கில்.

இப்போது பாப்பாவின் 3. நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த 3 வருடா வருடம் வரும். அதைத் தப்பு என்று சுழிப்பதோடு நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் அது முக்கால்வாசி சரியான விடை. 7.5 மீட்டரை 75 ஆக்கினோமே, அந்த 75 என்ன? 75 மீட்டரா? கடையில் அவ்வளவு துணி வாங்கவே இல்லை. அது 75 டெசிமீட்டர் (மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் டெசிமீட்டர்). அந்த 4 என்பதும் 4 டெசிமீட்டர். 75 டெசிமீட்டரில் 4 டெசிமீட்டர் துண்டுகள் 18, மீதி 3 டெசிமீட்டர். பிள்ளை போட்ட 3 சரி. அதன் பக்கத்தில் எழுதிய "மீட்டர்"தான் தவறு. 3 டெசிமீட்டர் என்றால் 0.3 மீட்டர், முடிந்தது.

ஈவு ஏன் மாறவில்லை என்று கேட்டாளே, நல்ல கேள்வி. ஈவு என்பது எத்தனை தடவை என்ற எண்ணிக்கை. துணியை மீட்டரில் அளந்தாலும் டெசிமீட்டரில் அளந்தாலும் அங்குலத்தில் அளந்தாலும் பை பதினெட்டுதான் வரும். மீதி என்பது துணி. எந்த அளவுகோலால் அளந்தோமோ அந்த அளவில்தான் மீதியும் வரும். இரண்டு எண்ணையும் பத்தால் பெருக்கினால் மீதியும் பத்து மடங்காகத்தான் கிடைக்கும், எனவே அதை மட்டும் பத்தால் வகுத்துத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

சரிபார்க்க வீட்டில் செய்ய வைக்க வேண்டியது ஒன்றுதான்: 18 × 0.4 = 7.2. இதோடு மீதியைக் கூட்டினால் 7.5 வர வேண்டும். 7.2-உடன் 3-ஐக் கூட்டினால் 10.2. வாங்கியதைவிட அதிகம்.

பெருந்துறை_அப்பா
டெசிமீட்டர்! ஸ்கூலில் கிலோமீட்டர், ஹெக்டோமீட்டர் என்று வரிசையாக ஒப்பித்ததோடு சரி, அது எதற்கு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நன்றி டீச்சர்.

மாடி_டியூஷன்
டீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் நடைமுறை வேறு. என்னிடம் மாலையில் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எட்டாம் வாய்ப்பாடு தடுமாறும். அவர்களிடம் போய் அளவுகோல், டெசிமீட்டர் என்று ஆரம்பித்தால் இருக்கிறதும் போய்விடும். வகுக்கிற எண்ணில் புள்ளி போகிற வரைக்கும் தள்ளு, வகுபடும் எண்ணிலும் அதே அளவு தள்ளு, வகு. இவ்வளவுதான் சொல்லிக்கொடுக்கிறேன். மார்க் வருகிறது. புரிதல் எல்லாம் ஒன்பதாவது போகும்போது தானாக வரும்.

சாக்பீஸ்
தானாக வராது, அதுதான் சிக்கல். ஒன்பதாவது ஆசிரியர் என்னைத்தான் கேட்பார்.

வாய்ப்பாடு பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். 75-க்குள் நான்கு எத்தனை என்று விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு மீதியைப் பற்றி யோசிக்க மூளையில் இடம் மிச்சம் இருக்காது. ஆனால் தள்ளு, தள்ளு என்று மட்டும் பழகினவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். 12.24 ÷ 4. உங்கள் மாடியில் போட்டுப் பாருங்கள், எத்தனை பேர் 3.6 என்று எழுதுகிறார்கள் என்று.

மாடி_டியூஷன்
அது நிறையப் பேர் எழுதுவார்கள். 2-ல் நாலு போகாது, ஈவில் பூச்சியம் போடணும். அதை மறந்துவிட்டு அடுத்த 4-ஐ இறக்கி 24-க்கு ஆறு தடவை என்று போட்டுவிடுவார்கள். பூச்சியம் போடு, பூச்சியம் போடு என்று கத்தித் தொண்டை வறண்டுவிட்டது.

சாக்பீஸ்
கத்தாமல் ரூபாயாகச் சொல்லிப் பாருங்கள். 12 ரூபாய் 24 பைசாவை நாலு பேருக்குப் பிரித்தால் தலா 3 ரூபாய் 6 பைசா. அவன் எழுதிய 3.6 என்பது 3 ரூபாய் 60 பைசா. நாலு பேருக்கு அப்படிக் கொடுக்க 14 ரூபாய் 40 பைசா வேண்டும். யார் கையிலிருந்து போடுவது? பைசா இப்போது யாரும் கண்ணால் பார்ப்பதில்லை என்றாலும், பிள்ளைகளுக்குப் பணத்தில் மட்டும் பத்தாம் இடமும் நூறாம் இடமும் பட்டென்று புரிகிறது.

சமையல்கட்டு
இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். என் பையனுக்கு வகுத்தல் வருகிறது. எப்போது வகுக்க வேண்டும் என்பதுதான் வரவில்லை. நேற்று வந்த கணக்கு: "0.35 கிலோ வரமிளகாயின் விலை 84 ரூபாய். ஒரு கிலோ என்ன விலை?" உடனே 84 × 0.35 போட்டான். 29.40. "ஒரு கிலோ 29 ரூபாய், 350 கிராம் 84 ரூபாயா, எந்தக் கடைடா?" என்றேன். "ஒரு கிலோன்னா விலை கூடணும்ல, அதான் பெருக்கினேன். ஏன் குறைஞ்சுதுன்னு தெரியல" என்கிறான். எனக்கு அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது!

சாக்பீஸ்
நியாயம்தான். விலை கூட வேண்டும் என்று யோசித்தானே, அதற்கு முதலில் தட்டிக்கொடுங்கள். நிறையப் பேர் அதையே யோசிக்காமல் எழுதுவார்கள். பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்று நாலாவது, ஐந்தாவது வரைக்கும் அவன் பார்த்த எல்லாக் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டது. முழு எண்களில் அது பெரும்பாலும் உண்மை. ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் தலைகீழாகிவிடும், அதை யாரும் அவனிடம் எச்சரிக்கவில்லை.

என் வகுப்பில் எண்ணை மட்டும் மாற்றுவேன். 2 கிலோ மிளகாய் 84 ரூபாய், ஒரு கிலோ? யோசிக்காமல் வகுத்து 42 என்பான். இப்போது 2-ஐ அழித்துவிட்டு 0.35 எழுதுங்கள். கதை மாறியதா? இல்லை. அப்போது செய்த வேலையையே செய். 84 ÷ 0.35 = 8400 ÷ 35 = 240. கடையில் கேட்டால் அடிக்கமாட்டார்கள் என்கிற விலை.

பிஎட்_இரண்டாமாண்டு
டீச்சர் சொன்னது எங்களுக்குப் பாடத்தில் வருகிறது. எஃப்ரைம் ஃபிஷ்பைன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, 1985-ல் வெளிவந்தது. வகுத்தல் என்றால் சமமாகப் பங்கு போடுவது என்ற படம் மனதில் ஆழமாக இருப்பதால், வகுக்கிற எண் ஒன்றைவிடச் சிறியதாக வந்தால் பிள்ளைகள் திகைத்துவிடுகிறார்கள் என்பது சாரம். யோசித்தால் சரிதான், 0.35 பேருக்கு எப்படிப் பங்கு போடுவது? "இதற்குள் அது எத்தனை தடவை அடங்கும்" என்று கேட்டால் துணிக் கணக்கு சுலபமாகிவிடுகிறது. மிளகாய்க் கணக்குக்கு அந்தக் கேள்வியும் பொருந்தாது, அதனால்தான் அது இன்னும் கடினம்.

மீதி விஷயத்தில் இன்னொன்று. அமெரிக்காவில் தேசிய அளவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்த தேர்வு, 1983-ல் அலசினார்கள். "ஒரு பேருந்தில் 36 படைவீரர்கள். 1128 பேரைக் கொண்டுபோக எத்தனை பேருந்து?" வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் 70 சதவீதம் பேர். தேர்வு எழுதிய மொத்தப் பேரில் 29 சதவீதம் பேர் விடை "31, மீதி 12" என்று எழுதினார்கள். 32 பேருந்து என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான்.

தையல்மிஷின்
மீதி 12 பேர் நடந்து வரட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல.

பழைய_அணா
மேலே 18.75 என்ற எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எனக்கு அது ரொம்பப் பழைய நண்பன். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. நான் அப்போது ஆரம்பப் பள்ளி. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அதன்பிறகு ரூபாய்க்கு நூறு நயா பைசா. அப்படியானால் அணாவுக்கு 6.25. மூன்று அணாவுக்கு? 18.75! முக்கால் பைசாவுக்கு நாணயம் கிடையாதே, அதனால் 19 என்று வைத்துக்கொண்டார்கள்.

பெருந்துறைத் தம்பி, மகளிடம் இதைச் சொல்லுங்கள். துணியில் 18.75 வந்தால் 18 பை. காசில் 18.75 வந்தால் 19 பைசா. டீச்சர் குறிப்பிட்ட முக்கால் ஒன்றுதான், ஆனால் துணியில் அதைக் கீழே தள்ளுகிறோம், காசில் மேலே ஏற்றுகிறோம். பிஎட் படிக்கிற தம்பி சொன்ன பேருந்தில் முக்கால்கூட வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு வந்ததற்கே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. 0.5-க்கு மேல் என்றால் அடுத்த எண் என்று புத்தகத்தில் படித்ததை எல்லா இடத்திலும் போடக் கூடாது.

எங்கள் வாத்தியார் அரைக்கால், வீசம், மாகாணி என்ற பழைய பின்னங்களை எல்லாம் வாயால் சொல்ல வைத்தவர். திடீரென்று புள்ளிக் கணக்கு வந்ததும் அவரே எங்களோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்.

சாக்பீஸ்
ஐயா, இது நாளைக்கு என் கரும்பலகைக்குப் போகிறது.

மாடி_டியூஷன்
எல்லாம் சரி. ஆனால் ஒரு நேர்மையான கேள்வி. மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு விலையையே போட்டுக் காட்டிவிடுகிறது. பெட்ரோல் பங்கிலும் அப்படித்தான். பள்ளியை விட்டால் தசம எண்ணால் யார் வகுக்கிறார்கள்?

சென்ட்_கணக்கு
நான் வகுக்கிறேன், தினமும். மனை விற்பனையில் இருக்கிறேன். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரர் கிரவுண்டில் கேட்பார், ஊர்ப்பக்கம் சென்டில் பேசுவார்கள். 2400 ÷ 435.6 = 5.5096 சொச்சம். எல்லோரும் வாய்க்கு வசதியாக "அஞ்சரை சென்ட்" என்பார்கள். சரியாக அஞ்சரை சென்ட் என்றால் 2395.8 சதுர அடிதான். வித்தியாசம் 4.2 சதுர அடி. சதுர அடி 3000 ரூபாய் போகிற இடத்தில் அது 12,600 ரூபாய். பத்திரம் எழுதுகிற அன்றைக்கு இதை வைத்துச் சண்டை வந்து பார்த்திருக்கிறேன். தராசு போட்டுக் காட்டாத இடம் இது.

மாடி_டியூஷன்
இது நல்ல கணக்கு. எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் எல்லா வகுத்தலும் கச்சிதமாக முடிந்துவிடுகிறது. நீளமாக ஓடுகிற ஈவைக் கண்டால் பிள்ளைகள் தப்பு செய்துவிட்டோம் என்று அழித்துவிடுகிறார்கள்.

பெருந்துறை_அப்பா
இன்று காலை மகளுக்கு அடுப்படியிலேயே ஒரு கணக்கு வைத்தேன். ஆவின் அரை லிட்டர் பாக்கெட், அதாவது 0.5 லிட்டர். டம்ளருக்கு 0.15 லிட்டர் ஊற்றினால் எத்தனை டம்ளர், மீதி எவ்வளவு?

இரண்டையும் நூறால் பெருக்கினாள். 50 ÷ 15. ஈவு 3, மீதி 5. "அஞ்சு லிட்டர்னு எழுதமாட்டேன்ப்பா, பாக்கெட்டே அரை லிட்டர்தான்" என்றாள். பிறகு 0.5 என்று எழுதினாள். "பாக்கெட் முழுசும் அப்படியே இருக்கா அப்போ?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 0.05 ஆக்கினாள். பத்தால் தள்ளினால் பத்தால் திருப்பு, நூறால் தள்ளினால் நூறால் திருப்பு என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். 50 மில்லி எவ்வளவு என்று மருந்து மூடியில் ஊற்றிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டது.

தையல்மிஷின்
பாப்பாவுக்கு என் பங்குக்கு ஒன்று. அந்தப் பைக் கணக்கில் காது எங்கே? காது இல்லாமல் பையை எப்படித் தூக்குவது? துணி அகலம் 90 சென்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காதுப் பட்டி 45 சென்டி நீளம், 5 சென்டி அகலம். அகலவாக்கில் வெட்டினால் 5 சென்டி துணியில் இரண்டு பட்டி, ஒரு பைக்குச் சரியாகப் போகும். மிச்சம் இருக்கிற 30 சென்டியில் ஆறு பைக்குத்தான் காது வரும். மற்ற பன்னிரண்டு பை?

ஆகவே நான் 18 வெட்டமாட்டேன். இப்போது எத்தனை பை, மிச்சம் எவ்வளவு என்று போடச் சொல்லுங்கள்.

பெருந்துறை_அப்பா
பதில் வந்துவிட்டது. காதோடு சேர்த்து பைக்கு 0.45 மீட்டர். 7.5 ÷ 0.45, அதாவது 750 ÷ 45. 16 பை, மீதி 30. பக்கத்தில் செ.மீ. என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

சமையல்கட்டு
எங்கள் வீட்டிலும் இதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு மூன்று கொடுங்களேன். ஆனால் பணக்கணக்காக மட்டும் வேண்டாம்.

சாக்பீஸ்
வீட்டில் இருப்பதை வைத்தே கொடுக்கிறேன். சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. 40 நாள் வந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு? (0.355 கிலோ. இதை கிராமில் சொல்லச் சொல்லுங்கள், அப்போதுதான் எண்ணுக்கு உருவம் வரும்.) அப்பாவின் வண்டி 5.2 லிட்டர் பெட்ரோலில் 239.2 கி.மீ. ஓடியது, லிட்டருக்கு எவ்வளவு? வகுப்பதற்கு முன்னால் 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48, விடை அதன் பக்கத்தில்தான் வரும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் பென்சிலைத் தொடக் கூடாது. விடை 46. யாராவது 4.6 என்றோ 460 என்றோ எழுதினால் அந்த 48-ஐக் காட்டினால் போதும், வேறு எதுவும் விளக்க வேண்டாம்.

மூன்றாவது, 9 வாட் எல்இடி பல்பு. மணிக்கு 0.009 யூனிட் எடுக்கும். ஒரு யூனிட்டில் எத்தனை மணி நேரம் எரியும்? 1 ÷ 0.009 கொஞ்சம் முரட்டுக் கணக்கு. 1000 ÷ 9 என்று வந்ததும் 111 தாண்டி ஒன்று ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்துவது என்று அவனே முடிவு செய்யட்டும்.

பிஎட்_இரண்டாமாண்டு
நடுவில் விடை இல்லாத கணக்கு ஒன்றும் கலந்து கொடுங்கள். பிரான்ஸில் இப்படி ஒன்று பிரபலம்: கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு இருந்தால் கப்பல் தலைவருக்கு என்ன வயது? பிள்ளைகள் பலர் 36 என்று எழுதினார்களாம். நம் ஊருக்கு: "கடையில் 2.5 கிலோ வெல்லமும் 1.25 கிலோ துவரம்பருப்பும் இருக்கின்றன. கடைக்காரருக்கு என்ன வயது?"

சமையல்கட்டு
இப்போதுதான் கேட்டேன். பென்சிலை எடுத்தான், இரண்டிலும் புள்ளியைத் தள்ளினான், 250 ÷ 125 போட்டு 2 என்று எழுதிக் கட்டம் கட்டிவிட்டான். "ரெண்டு வயசுக் குழந்தை கடையில உக்காந்து பருப்பு நிறுக்குதா?" என்றேன்.

"கணக்குல எல்லாம் அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறான்.